மூச்சு விடாத ஏர்ஹாரன்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்னும் சந்தேகம்தான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பெங்களூரில் ஏர்ஹாரன் அண்ணனைப் போலத் தூங்கியவரும் கிடையாது, அவர் பக்கத்தில் தூங்கியவரும் கிடையாது. அடுகோடியில் மூன்று வருடம் அவரோடு ஒரே அறையில் இருந்தவன் சொல்கிறேன். இருவரும் வைட்ஃபீல்டு கம்பெனி ஒன்றுக்கு இரவு ஷிஃப்ட் வேன் ஓட்டினோம். பகலில்தான் தூக்கம். அவர் தூங்குவார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே லேத் பட்டறை வைத்திருந்தவர் ஒருநாள் மாடியேறி வந்து, "இன்னா மெஷின்பா ஓடுது மேல? எங்க வேல கெடுது" என்றார்.

குறட்டைச் சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நடுவில் அது சட்டென்று நிற்கும். மூச்சும் நிற்கும். நான் படுத்தபடியே எண்ணுவேன். பதினைந்து, இருபது. உலுக்கலாமா என்று எழும்போது, லாரி மேடேறுவது போல மறுபடி கிளம்பும். இதை அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சம்.

ஒருநாள் சிக்னலில் பச்சை விழுந்தும் அவர் வேன் நகரவில்லை. ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஏழு பெண்பிள்ளைகள். மேனேஜர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். தூக்கத்தில் மூச்சு அடைக்கிறது என்று டாக்டர் சொல்லி, மூக்கில் காற்றை ஊதும் சீபேப் மெஷினை வாடகைக்கு எடுக்க வைத்தார். ஒரு மாதம், தினம் நாலு மணி நேரமாவது மாட்டித் தூங்கியதாக ரிப்போர்ட் வந்தால்தான் சாவி.

"எங்கப்பா கோலார் சுரங்கத்துல இறங்குனவரு. அவரே மூஞ்சில ஒண்ணும் மாட்டல" என்றார் அண்ணன். ஆனாலும் மாட்டினார், வண்டிமேல் லோடு கட்டுவது போல இழுத்துக் கட்டி. அரை மணியில் மூக்குத்தண்டு சிவந்து, கழற்றி எறிந்தார். மறுநாள் நான் கண் விழித்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்க், தண்ணீர் கேனின் வாயில் கட்டியிருந்தது. அண்ணன் டீக்கடையில் இருந்தார்.

வாரக் கடைசியில், மெஷினை வாடகைக்குக் கொடுத்த இடத்தில் இருந்த பெண் ரிப்போர்ட்டை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தார்.

"தினமும் கரெக்டா நாலு மணி நேரம் ஓடியிருக்கு சார்."

"டைம்ல நான் கரெக்டுமா."

"அந்த நாலு மணி நேரமும் நீங்க ஒரு தடவகூட மூச்சு விடல சார்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி. நான் மூச்சு விட்டேனா இல்லியா?"

எனக்குப் பொய் வராது. "நீங்க விட்டீங்கண்ணா. கேன்தான் விடல."

அந்தப் பெண் சிரித்து முடித்து, அண்ணனைப் படுக்க வைத்தார். காற்று ஓடும்போதே பட்டையைத் தளர்த்தி, கசியாத அளவுக்கு மட்டும் இறுக்கினார். காற்று மெதுவாக ஆரம்பித்துக் கூடும்படி வைத்தார். முழித்திருக்கும்போதே கொஞ்ச நேரம் மாட்டிப் பழகச் சொன்னார்.

"ஃபர்ஸ்ட் கியரு, அப்பறம் செகண்டு. இத மொதல்லயே சொல்லியிருந்தா கேனு எதுக்கு?" என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து மாஸ்கோடு பூண்டு உரித்தார். ஜன்னல் வரை குழாய் எட்டியதால் மாஸ்கோடு பேரமும் பேசினார். தள்ளுவண்டிக்காரர் பயந்துபோய்க் கொத்தமல்லியைச் சும்மா கொடுத்தார். மூன்றாவது வாரம் லேத்காரர் மேலே வந்து, "அண்ணன் ஊருக்குப் போயிட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டார். அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எண்ணிப் பழகிய நான்தான் விழித்துக் கிடந்தேன்.

சாவி கிடைத்த முதல் நாள் காலையில் என் வண்டி சர்வீசுக்குப் போயிருந்தது. அவர் வேனில் ஏறினேன். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் டிரைவர் கண் மூட மாட்டான். கால் தானாகப் பிரேக்கைத் தேடும். மாரத்தஹள்ளி தாண்டியது வரை ஞாபகம் இருக்கிறது.

"எழுந்திரு தம்பி, அடுகோடி வந்துடுச்சு. நீ முழிச்சிக்கப் போறியேன்னு ஒரு பள்ளத்துலயும் விடாம ஓட்டியாந்தேன்."

பல தடவை கிழித்துப் போட்டு, இதை எழுதி முடித்தது ஆடிப் பதினெட்டு.