நூற்றுப்பதினோராம் நம்பர் அணில்

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது, பிள்ளைகள் எல்லாம் இக்கரையில் இருந்தார்கள். ஆகவே அரசாங்கம் யோசித்து ஒரு யானையைப் பள்ளிப் பேருந்தாக நியமித்தது.

யானையம்மா கண்டிப்பானவள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பட்டியலைத் தும்பிக்கை நுனியில் பிடித்து உயர்த்தி, அதில் உள்ளதை உள்ளபடி வாசிப்பாள். "முயல் குட்டி இறங்குது, எல்லாரும் நில்லுங்க." தும்பிக்கை கீழே இறங்கும்வரை பாதையில் யாரும் அவளைக் கடந்து போகக் கூடாது என்பது சட்டம். சட்டம் நல்ல சட்டம்தான். யாரும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போது நரி ஒன்று தன் கம்பெனி சார்பில் யானையின் காதில் ஒரு கேமராவை இலவசமாக மாட்டிக் கொடுத்தது. தும்பிக்கை உயர்ந்திருக்கும்போது யார் தாண்டினாலும் அது படம் எடுக்கும். உடம்பில் உள்ள குறியை நம்பராகப் படித்து வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பும். அபராதம் பத்துக் கொட்டை. அதில் ஆறு நரிக்கு, நாலு காட்டுக்கு. இலவசம் என்றால் என்னவென்று காடு அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டது.

"எல்லாரும் தங்கள் குறியைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்" என்று தண்டோரா போட்டார்கள். மறுநாள் காலை பதிவு அலுவலகத்தின் முன் வரிசை உருவானது. வரிசையில் ஒரே ஒருவன் நின்றான். பெயர் பொன்னுரங்கம். அணில். வீடு வீடாகக் கொய்யாப்பழம் டெலிவரி செய்யும் வேலை. அவன் மகள் இலந்தை அந்த யானையில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அதனால் தும்பிக்கை உயர்ந்தால் பாதையில் நிற்கிற ஒரே ஜீவனும் அவன்தான். பழம் தாமதமாகி வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவான், ஆனாலும் நிற்பான்.

அணிலின் முதுகில் மூன்று கோடு எப்படி வந்தது என்ற கதை உங்களுக்குத் தெரியும். கேமராவுக்குத் தெரியாது. அது மூன்று கோட்டையும் 111 என்று படித்தது.

முதல் வாரமே பொன்னுரங்கத்துக்குப் பதினேழு நோட்டீஸ் வந்தது. எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினான். அங்கே அதிகாரி உடும்பு. பிடித்தால் விடமாட்டார் என்பதற்காகவே அந்த வேலைக்கு எடுக்கப்பட்டவர்.

"நூற்றுப்பதினொன்று உன் நம்பர்தானே?"

"என் நம்பர்தான் சார். ஆனா படத்துல இருக்கிறது நான் இல்ல. எல்லா அணிலுக்கும் மூணு கோடுதான்."

"பதிவேட்டுல எத்தனை அணில் இருக்கு தெரியுமா?"

"எத்தனை சார்?"

"ஒண்ணு."

பொன்னுரங்கம் ஒரு படத்தை எடுத்து நீட்டினான். "இதைப் பாருங்க சார். ஒரே படத்துல ரெண்டு அணில் இருக்கு."

உடும்பு கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தார். "ஒண்ணு நீ போறது. இன்னொண்ணு நீ திரும்பி வர்றது. ரெண்டு அபராதம்."

"ஒரே நேரத்துல எப்படி சார் போயிட்டு வர முடியும்?"

"அதுக்குத்தான் மூணாவது நோட்டீஸ். அதிவேகம்."

மற்ற டெலிவரி அணில்கள் அவனை வழியில் பார்த்தால் கும்பிட்டன. "அண்ணே, நீங்க பதிவு பண்ணதால நாங்கல்லாம் நிம்மதியா ஓடுறோம்" என்றன. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

கோடு உள்ளவர்கள் வேறு யாரும் இல்லையா என்று கேட்பீர்கள். புலி இருக்கிறது. புலிக்கும் ஒரு நோட்டீஸ் போனது. கொண்டுபோன முயல் திரும்பி வரவில்லை. அதன்பிறகு புலியின் கோடுகள் இயற்கைக் காட்சி என்று வகைப்படுத்தப்பட்டன. காட்டுப்பன்றி ஐயாவுக்கோ உடம்பில் எந்தக் குறியும் கிடையாது. தினமும் சேற்றில் புரண்டுவிட்டு நேராகப் பாதைக்கு வருவார். தும்பிக்கை உயர்ந்திருந்தாலும் தாழ்ந்திருந்தாலும் ஒரே வேகம்தான். அவரைப் பற்றிக் கேமராவுக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை.

ஒரு மழை நாளில் புளியமரத்து நிறுத்தத்தில் யானை நின்றது. தும்பிக்கை உயர்ந்தது. "அணில் குட்டி இறங்குது, எல்லாரும் நில்லுங்க."

எதிர்ப்பக்கம் பொன்னுரங்கம் கொய்யாக் கூடையுடன் நின்றான். இலந்தை பாதி வழி வந்தபோது காட்டுப்பன்றி ஐயா வந்தார். வந்தார், போனார். இலந்தை நடுப்பாதையில் கிடந்தாள். பின்னங்கால் ஒன்று முறிந்திருந்தது.

கட்டுப்போட்ட மகளை முதுகில் சுமந்துகொண்டே பொன்னுரங்கம் அலுவலகத்துக்குப் போனான். "படம் இருக்கும் சார். எடுத்துப் பாருங்க."

உடும்பு எடுத்துப் பார்த்தார். "கறுப்பா ஏதோ போகுது. நம்பர் இல்ல. நிழல்னு போட்டிருக்கு."

"அது காட்டுப்பன்றி ஐயா சார்."

"நிழல்மேல நடவடிக்கை எடுக்க முடியாதுப்பா. ஆனா இங்க பாரு, தும்பிக்கை உயர்ந்திருக்கிற நேரத்துல நடுரோட்டுல நூற்றுப்பதினொன்று படுத்திருக்கு. பள்ளிப் பேருந்துக்கு இடையூறு. இருபது கொட்டை."

"அது என் பொண்ணு சார்."

"பொண்ணா? பதிவு பண்ணலையா?" உடும்பு வருத்தமாகத் தலையை ஆட்டினார். "வர்ற திங்கட்கிழமைக்குள்ள பண்ணிடு. இல்லன்னா பஸ்ல ஏத்த மாட்டாங்க. அவளுக்கும் அதே நம்பர்தான். குடும்ப நம்பர்."

பொன்னுரங்கத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையாவது கடிக்க வேண்டும்போல இருந்தது. முதுகில் மகள் இருந்ததால் கடிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் சாலைப் பாதுகாப்பு விழா. கேமரா வந்த நாள் முதல் ஒரு அபராதம்கூட வாங்காத ஒழுக்கசீலருக்குச் சிங்கராஜா விருது கொடுப்பதாக ஏற்பாடு. பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் அப்படி ஒருவர்தான் தேறினார். காட்டுப்பன்றி ஐயா மேடையேறினார். பள்ளிப் பேருந்துக் குழுவின் தலைவராகவும் அவரையே அறிவித்தார்கள். மாலை போடுவதற்கு ஒரு பள்ளிக் குழந்தை தேவைப்பட்டது. காலில் கட்டோடு இருந்தால் ஜனங்கள் உருகுவார்கள் என்று இலந்தையை அழைத்தார்கள். அவள் நொண்டி நொண்டிப் போய் மாலையைப் போட்டாள். ஐயா அவள் தலையைத் தடவி, "ரோட்டுல பாத்துப் போகணும் பாப்பா" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

பிறகு ஐயா பேசினார். "சின்ன வயசுல எனக்கும் முதுகுல கோடு இருந்துச்சு. எங்க இனத்துல எல்லாக் குட்டிக்கும் இருக்கும். வளர வளர ஒழுக்கத்தால அது தானா அழிஞ்சு போயிடும்."

கூட்டத்தில் இருந்த பொன்னுரங்கம் அந்த வாக்கியத்தை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை அவன் மகளுக்கான படிவத்தை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தான். பிறந்ததிலிருந்து ஒரு பொய் சொல்லாதவன். எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது. உடும்பு வாசித்தார்.

"பெயர் இலந்தை. இனம் காட்டுப்பன்றி, குட்டி." நிமிர்ந்து இலந்தையைப் பார்த்தார். "வாலு கொஞ்சம் பெரிசா இருக்கே?"

"குட்டிதானே சார். வளர வளர அளவுக்கு வந்துடும்."

"முதுகுல கோடு இருக்கே?"

"அது அழிஞ்சு போயிடும்னு ஐயாவே மேடையில சொன்னாரு சார்."

உடும்பு படிவத்தை மறுபடி பார்த்தார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. கையெழுத்து இருந்தது. சந்தேகப்படுவதற்குத் தனியாகக் கட்டம் எதுவும் இல்லை. முத்திரை குத்தினார்.

அன்று மாலை யானை புளியமரத்தடியில் நின்றது. யானையம்மா பட்டியலைப் பார்த்தாள், இலந்தையைப் பார்த்தாள், மறுபடி பட்டியலைப் பார்த்தாள். பட்டியலில் உள்ளதை வாசிப்பதுதான் அவள் வேலை.

"காட்டுப்பன்றிக் குட்டி இறங்குது. எல்லாரும் நில்லுங்க."

பாதை அப்படியே நின்றது. மான் நின்றது. குரங்கு நின்றது. டெலிவரி அணில்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டு நின்றன. பேருந்துக் குழுத் தலைவரின் பிள்ளை மேல் மோத யாருக்குத் துணிச்சல் வரும்? அந்த நேரம் பார்த்து ஐயாவே வந்தார். நாலு குளம்பும் சேற்றில் கீறிக்கொண்டு நின்றார்.

"யார் வீட்டுப் பிள்ளை?"

"உங்க வீட்டுதுன்னுதான் லிஸ்ட்ல இருக்கு" என்றாள் யானையம்மா.

ஐயா உற்றுப் பார்த்தார். அவருக்குப் பிள்ளைகள் ஏராளம். எல்லாரையும் அடையாளம் தெரியும் என்று சத்தியம் செய்ய அவரால் முடியாது. "மெதுவாப் போம்மா" என்று வழி விட்டார்.

இலந்தை முறிந்த காலை ஊன்றி ஊன்றி, அவசரமே இல்லாமல் பாதையைத் தாண்டினாள். மறுபக்கம் வந்ததும் பொன்னுரங்கம் அவளை வாரி எடுத்துக்கொண்டான்.

"அப்பா, பரீட்சையில நான் என்ன இனம்னு கேட்டா என்ன எழுதறது?"

"அணில்னு எழுதும்மா. அது பாடம். இது படிவம்."

வீட்டுக்குப் போனபோது வாசலில் நூற்றுப்பதினொன்றுக்கு நாலு புதிய நோட்டீஸ் கிடந்தது. அவன் மறுநாளே கொட்டையைக் கொண்டுபோய்க் கட்டினான். நேர்மையானவன் அல்லவா.

நீதி: பாதையில் நிற்பது நன்று. படிவத்தில் பன்றி என்பது அதனினும் நன்று.