ரிஜெக்ட் அக்காவின் ஞாயிற்றுக்கிழமை நகங்கள்

ஷூவில் குறை கண்டுபிடிக்க ஆம்பூரில் ஆயிரம் பேர் உண்டு. காலிலேயே குறை கண்டுபிடிக்க ரிஜெக்ட் அக்கா ஒருவர்தான் உண்டு. பிரம்மனே ஒரு ஜோடிக் காலைச் செய்து கொண்டுவந்து நீட்டியிருந்தாலும், "இடது சுண்டுவிரல் கோணல், எடுத்துனு போ" என்று திருப்பி அனுப்பியிருப்பார். பிரம்மனும் பயந்துகொண்டு போயிருப்பார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அக்காவுக்கு இருந்தது. அது அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. ஷூ கம்பெனியில் அவருக்கு ஃபைனல் செக்கிங். நான் அதே கம்பெனி ஆபீசில் வெளிநாட்டுக்கு லெட்டர் அடிக்கிறவள். ஷூ பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாக அக்கா கண்ணில் பட்டாக வேண்டும். கையில் எப்போதும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ரோல். தோலில் ஒரு புள்ளியோ, தையலில் ஒரு நூல் பிசிறோ, எங்கே குறையோ அங்கே அம்புக்குறி ஒட்டித் தள்ளிவிடுவார். இந்தப் பழக்கம் கம்பெனி கேட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தள்ளுவண்டிக் கத்தரிக்காய்க்கு அம்புக்குறி ஒட்டியதில், வண்டிக்காரர் ஒரு மாதம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத்தை முறைத்துக்கொண்டே இடுப்பில் ஸ்டிக்கரைத் தேடியதை நானே பார்த்தேன்.

பெண் பார்க்க வந்தவர்களுக்கும் இதே கதிதான். முதல் மாப்பிள்ளைக்கு ஒரு தோள் இறக்கம். இரண்டாவது ஆள் காபி உறிஞ்சும் சத்தம் ஜாஸ்தி. மூன்றாவதாக நாட்றம்பள்ளியிலிருந்து வந்தவரைத்தான் அக்காவுக்குப் பிடித்திருந்தது. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

அதன் பிறகு அம்மாவும் மகளுமாக இருந்தார்கள். அம்மாவும் போய்விட்ட பிறகு அந்த வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் பால்காரரும் சிலிண்டர் போடுகிறவரும்தான். மாடி போர்ஷனில் குடியிருந்த நானும் தட்டியதில்லை. எனக்கு அமைதிதான் பிடிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. யாராவது போன் செய்தால் நிம்மதி போகிறதே என்று எரிந்து விழலாம் என்றிருந்தேன். யாரும் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

அப்போதுதான் அக்கா ஒட்டு நகம் வாங்க ஆரம்பித்தார். கம்பெனியில் நகம் வளர்க்க முடியாது. ஷூவின் மேல்தோலில் ஒரு கீறல் விழுந்தால் அந்த ஜோடியே போச்சு. திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். இருபத்தாறு வருஷமாக ஒட்ட வெட்டிய நகம் அக்காவுக்கு. அதனால் ஞாயிறு காலையில் ஒட்டி, சாயங்காலம் வெந்நீரில் ஊறவைத்துக் கழற்றுகிற பிளாஸ்டிக் நகம். அதுவும் வீட்டுக்குள் மட்டும். தெருமுனைக் கடைக்குக்கூடப் போட்டுக்கொண்டு போனதில்லை.

முதல் ஞாயிறு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, கொஞ்சம் கீழ வாயேன். நகம் செலக்ட் பண்ணணும், ஒத்த ஆளா முடியல."

போனேன். ஜன்னல் பக்கத்தில் நியூஸ் பேப்பர் விரித்து மூன்று பெட்டி நகங்களைக் கொட்டியிருந்தார்.

"லைட்ட போடவாக்கா?"

"ஐயோ, வாணாம்! டியூப் லைட்ல ஷேடு தெரியாது. ஜன்னலாண்ட வா."

ஒவ்வொரு நகமாக எடுத்தார். வளைத்தார், முகர்ந்தார், வெளிச்சத்தில் திருப்பினார். வலது கட்டைவிரலையும் இடது கட்டைவிரலையும் ஷூ மாதிரியே ஜோடி சேர்த்து வைத்து, "பாரு, வலதுல ஷேடு கொஞ்சம் கம்மி" என்று அம்புக்குறி ஒட்டினார். என் கண்ணுக்கு இரண்டும் பிளாஸ்டிக்காகத்தான் தெரிந்தன. மோதிர விரலுக்கு வந்தபோது ஒரு பெரிய சண்டையே நடந்தது.

"ஏழாம் நம்பர் லூசு, ஆறாம் நம்பர் டைட்டு. நடுவுல அரை சைஸ் இன்னாத்துக்கு உடல? காலுக்கு அரை சைஸ் இருக்குது. விரலு இன்னா பாவம் பண்ணுச்சு?"

நான் ஆறையும் ஏழையும் மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு பெட்டியை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "இந்த ஷேப்புக்கு சவப்பெட்டின்னு பேரு வெச்சிக்கிறான் பாப்பா! வூட்டுக்குள்ள போட்டுக்கிற சாமானுக்கு வெக்கிற பேரா இது?" திட்டி முடித்துவிட்டு அதையே பிரித்தார்.

"அதையா போட்டுக்கப் போறீங்க?"

"வேற எதுலயும் இவ்ளோ நீளம் இல்லியே."

எல்லா ஞாயிறும் இப்படித்தான். ஆயிரம் குறை சொல்வார், கடைசியில் இருப்பதிலேயே நீளமானதை எடுப்பார். இதை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. எனக்குத் தூக்கம் போகிற கவலை.

நகம் ஒட்டி முடித்த பத்தாவது நிமிஷத்தில் ரகளை தொடங்கும். இரண்டாவது ஞாயிறு உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி நகத்தை ஒட்டிக்கொண்டு, மூக்கு நுனியால் போனைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, தாப்பா தொறக்க வர்ல." நான் ஜன்னல் வழியாகக் குடையை விட்டு அரை மணி நேரம் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டினேன். தெருவில் போனவர்கள் திருடி என்றே முடிவு கட்டியிருப்பார்கள். அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறானால் கதவு தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்தியே இருக்கும்.

அடுப்பு பற்றவைக்க நான். ஜடை பின்ன நான். ஒரு கிலோ பூண்டு உரிக்க நான். "ஒத்த ஆளுக்கு எதுக்குக்கா ஒரு கிலோ?" என்றால், "ஊறுகா" என்பார். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் பிரியாணியை ஸ்பூனால் சாப்பிட்ட ஒரே ஜீவன் அக்காதான். ஸ்பூனும் வழுக்கும். ஒருநாள் சுண்டுவிரல் நகத்தைக் காணோம். பிரியாணியைக் கிளறிப் பார்த்தோம், அரிசி டப்பாவைக் கவிழ்த்தோம், "முழுங்கிட்டேனா பாப்பா?" என்று அக்கா வயிற்றைத் தடவிக்கொண்டார். மத்தியானம் மாடிக்கு வந்து, காலையில் அக்கா பூ வைத்துவிட்ட என் கொண்டையை அவிழ்த்தேன், நகம் விழுந்தது.

வேலை முடிந்தாலும் விடமாட்டார். அந்த வாரம் ரிஜெக்ட் செய்த ஒவ்வொரு ஷூவின் கதையும் ஓடும். நான் கடிகாரத்தைப் பார்த்தால், "டீ போடு பாப்பா, குடிச்சிட்டே போ" என்பார். டீயும் நான்தான் போடவேண்டும்.

கம்பெனியிலிருந்து ஏற்றுமதி கன்டெய்னர் கிளம்புகிற ஒரு வாரம். ஆறு நாள் ஓவர் டைம் பார்த்துவிட்டு ஞாயிறு கண் மூடினேன், போன் அடித்தது.

"பாப்பா, ஊசில நூல் கோக்கணும்."

"ஞாயித்துக்கிழம காலைல இன்னாக்கா தைக்கப் போறீங்க?"

"அத அப்பறம் பாத்துக்கலாம். நீ வா."

போனேன், கோத்தேன். ஆனால் எரிச்சல் தாங்கவில்லை. இந்தப் பேஜாருக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று அன்று சாயங்காலமே பஜாருக்குப் போய் ஃபேன்சி ஸ்டோரில் குட்டையான நகப் பெட்டி ஒன்று வாங்கினேன். இதைப் போட்டுக்கொண்டு பாத்திரம்கூடத் தேய்க்கலாம் என்று கடைப் பெண் சத்தியம் செய்தாள்.

அடுத்த ஞாயிறு ஜன்னல் வெளிச்சத்தில் அக்கா அதைச் சோதித்தார். பத்து நகம். ஒன்றில்கூட அம்புக்குறி ஒட்டவில்லை. மோதிர விரலுக்குக்கூட அளவு கச்சிதம். எனக்கே நம்ப முடியவில்லை. பிறகு மூடியைப் போட்டார். மூடியின் மேல் ஒரு அம்புக்குறி ஒட்டி என் பக்கம் தள்ளினார்.

"இன்னாக்கா டிஃபெக்ட்டு?"

"டிஃபெக்ட் ஒண்ணும் இல்ல. நல்ல பீஸு."

"அப்பறம் ஏன் ரிஜெக்ட்?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "இத போட்டுக்கினா எல்லாத்தையும் நானே செஞ்சிக்கலாமே பாப்பா. அப்பறம் உன்ன இன்னான்னு சொல்லி கூப்புடறது?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஏதோ சாக்குச் சொல்லி மாடிக்கு வந்துவிட்டேன். போனை எடுத்துப் பார்த்தால், அந்த மாதம் முழுக்க என்னைத் தேடிக் கூப்பிட்டவர் அக்கா ஒருவர்தான். அமைதி, நிம்மதி என்று நான் பீற்றிக்கொண்டது இதைத்தானா? வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அதற்கடுத்த ஞாயிறு போன் அடிக்கவில்லை. ஏழு ஆயிற்று, ஏழரை ஆயிற்று. மனசிலிருந்ததைச் சொல்லிவிட்டவருக்கு இனிமேல் கூப்பிட வாய் வராது என்று எனக்குப் புரிய எட்டு மணி ஆயிற்று. இறங்கிப் போனேன். கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன்.

அக்கா திறந்தார். பத்து விரலும் வெறும் விரல்.

"இன்னா பாப்பா? நான் கூப்புடலியே."

"தெரியும்க்கா."

"நகமும் போடல. வேல ஒண்ணும் இல்லியே."

"வேலைக்கு வரல. சும்மா வந்தேன்."

"சும்மாவா?" என்றார். என் கையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மறுபடியும், "சும்மாவே வந்தியா?" என்று கேட்டுவிட்டு வழி விட்டார். டீயை அவரே போட்டார், தோசையை அவரே வார்த்தார், தட்டை அவரே கழுவினார்.

அன்றைக்கு அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் இருந்தேன்.