ஈஸ்டர் பாட்டும் ஐந்நூறு மணி நேரப் பெட்டியும்

பிள்ளைப்பாக்கம்,
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி அந்தோணிராஜ் அவர்களுக்கு,

மரியஜோசப் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் பிலோமினாவும் சுகம். மழை வருகிறது என்று என் முழங்கால் மட்டும் இரண்டு நாள் முன்னதாகவே அறிவிக்கிறது, மற்றபடி குறையில்லை. மதுராந்தகத்தில் தாங்களும் மாப்பிள்ளை நிர்மலும் எங்கள் லிசாவும் நலமென்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். இந்த வாரம் மூன்று முறை போன் போட்டேன். மூன்று முறையும் தாங்கள் "சொல்லுங்க சம்பந்தி" என்றதும், அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சம்பந்தியம்மா செசிலியின் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது தாங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. போட்டோ நிறைய இருக்கிறது, குரல்தான் எங்கேயும் இல்லை, கல்யாண வீடியோவில்கூட அவள் பேசும் இடத்தில் எல்லாம் மேளம்தான் கேட்கிறது என்றீர்கள். நான் சோற்றுக் கையோடு எழுந்து நின்று, "என் பெட்டியில இருக்கு சம்பந்தி! ஈஸ்டர் பூசையை உங்க கோயில்லேர்ந்து டிவியில காட்டினாங்களே, மொத வாசகம் முடிஞ்சதும் அம்மா பதிலுரைப் பாடல் பாடினாங்களே, அத ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கேன்" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். தாங்கள் அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அந்தப் பாட்டைக் கேட்கத்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்கள். சம்பந்தி, அந்தப் பாட்டு இப்போது இல்லை. நான்தான் அழித்துவிட்டேன்.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். நான் ரிட்டயர் ஆனபோது எங்கள் லைனில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து எனக்கு ஒரு டிஷ் பெட்டி பரிசாகக் கொடுத்தார்கள். ஓடுகிற நிகழ்ச்சியை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். ஐந்நூறு மணி நேரம் கொள்ளும் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இருபத்தேழு வருஷம் ஒரகடம் தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவன் நான், அட்டையில் எழுதியிருப்பதை நம்புகிற ஆள். ஐந்நூறு மணி நேரம் என்றால் ஆயுசுக்கும் போதும் என்று நினைத்து, கிரிக்கெட், பிலோமினாவின் இரண்டு சீரியல், வாராவாரம் டிவியில் வரும் ஞாயிறு திருப்பலிப் பூசை என்று எல்லாவற்றையும் பிடித்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். போன திங்கட்கிழமை பார்த்தால் திரையில், தொண்ணூற்றெட்டு சதவீதம் நிரம்பிவிட்டது என்று வருகிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், நூற்றுப்பத்து மணி நேரம்கூடத் தேறவில்லை. பெட்டி டிஃபெக்ட் என்று முடிவு பண்ணி டிஷ் ஆளைக் கூப்பிட்டேன். வந்தவர் பெயர் காசிராஜன், தெற்கே கடையம் பக்கத்துப் பையன், வல்லக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்.

அவர் பெட்டியைத் தொடவே இல்லை. "ஐயா, ஐநூறுங்கது சாதாப் படத்துக்கு. நீங்க புடிச்சி வச்சிருக்கதெல்லாம் ஹெச்டி. அது நாலஞ்சு மடங்கு எடம் திங்கும். அட்டையில கீழ பொடி எழுத்துல போட்டுருப்பானே, பாக்கலயா?" என்றார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், போட்டிருந்தது. எனக்கு வந்த அவமானத்தைப் பார்த்து அவரே சமாதானமாக, "படத்த அப்படியே முழுசா எழுதாதுய்யா, சுருக்கித்தான் எழுதும். முந்தின படத்துக்கும் இப்பம் உள்ளதுக்கும் எது மாறியிருக்கோ, முக்காவாசி அத மட்டுந்தான் குறிச்சுக்கிடும். ஒருத்தர் அசையாம நின்னா எடமே பெருசா வேண்டாம். கிரிக்கெட்டுல ஆயிரம் பேர் கொடிய ஆட்டுதாங்க பாருங்க, அதுக்குத்தான் அம்புட்டு எடமும்" என்றார். எனக்கு உடனே சம்பந்தியம்மா ஞாபகம்தான் வந்தது. அன்றைக்குப் பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கையைக்கூட அசைக்காமல்தானே நின்றார்கள். அந்தப் பெட்டிக்குக்கூட அவர்களால் ஒரு தொந்தரவும் இருந்திருக்காது.

காசிராஜன் கிளம்பும்போது, "நெறஞ்சிட்டுன்னா பழசத் தானாவே அழிச்சிரும்யா, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பழசுன்னா ஈஸ்டர்தானே! இடம் பண்ணணும்னு ரிமோட்ட எடுத்துக்கினு உட்கார்ந்தேன். பன்னண்டு திருப்பலி, பன்னண்டுக்கும் ஒரே பேரு, தேதி எறும்பு சைஸ்ல கீது, கண்ணாடி எங்கயோ வெச்சிட்டேன். பட்டியல்ல கடைசியா இருக்கறதுதான் பழசு, பழசுதான் ஈஸ்டர்னு நானே முடிவு பண்ணி, அத மட்டும் வெச்சிக்கினு பதினொண்ணையும் வரிசையா அழிச்சேன். கம்பெனியில கேஜ் வெச்சி அளந்து பார்க்காம ஒரு பீஸ வெளிய வுட்டதில்ல நான். அன்னிக்கு ஒண்ணக்கூடப் போட்டுப் பார்க்கல. எல்லாம் முடிச்சப்புறம் மிச்சம் வெச்சதப் போட்டா, அது ஈஸ்டரே இல்ல சம்பந்தி. வேற எந்த ஊரு கோயிலோ, யாரோ ஒரு சாமியார் இருமிக்கினே பிரசங்கம் பண்றாரு.

பிலோமினாவிடம் சொல்ல தைரியம் வரல. பெட்டியில தூசி, சுத்தம் பண்ணணும்னு பொய் சொல்லி, துண்டுல சுத்தி மடியில வெச்சிக்கினு ஷேர் ஆட்டோவுல ஸ்ரீபெரும்புதூர் போனேன். அங்க கடை வெச்சிருக்கற ஜோயல் கழட்டிப் பார்த்துட்டு, "சார், அழிச்ச எடத்துல அது வேற எழுதிக்கும். மிச்சம் மீதி இருந்தாலும், அத இந்தப் பெட்டியத் தவிர எதுவும் படிக்காது. அப்டி பண்ணித்தான் கம்பெனியில வுடறாங்க"ன்னு கைய விரிச்சிட்டார். டிவிக்காரங்களுக்குப் போன் போட்டேன், மூணு மாசத்துக்கு மேல அவங்களே வெச்சிக்கறதில்லயாம். திரும்பி வரும்போது ஆட்டோவ வுட்டு எறங்கினதும் மழை புடிச்சிது. பெட்டிய சட்டைக்குள்ள வெச்சிக்கினு நின்னேன். உள்ள ஒண்ணும் இல்லாத பெட்டிய எதுக்கு நனையாம காப்பாத்தறோம்னு தெரியல, ஆனா வெளிய எடுக்க மனசு வரல.

இவ்வளவுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பாட்டுக் கேட்கும் ஆசையோடு மட்டும் வராதீர்கள். வந்து என்னைத் திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். பிலோமினா மீன் குழம்பு வைப்பாள், அதில் தவறு நடக்காது. நிர்மலுக்கும் லிசாவுக்கும் எங்கள் ஆசீர். தங்கள் வீட்டில் ஆண்டவருடைய சமாதானம் தங்குவதாக.

தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
மரியஜோசப்

பி.கு.: கவரில் போடுமுன் பிலோமினா கடிதத்தை வாங்கிப் படித்தாள், லிசாவை விசாரித்தேனா என்று பார்ப்பதற்காக. பாதியில் நிமிர்ந்து, "இன்னாயா எழுதி வெச்சிக்கீற? அத நான் செசிலி போன அன்னிக்கே பூட்டுப் போட்டு வெச்சிட்டேன். பூட்டுனா அது தனியா வேற பக்கத்துல போயிடும், யாரும் அழிக்க முடியாது. லிசாதான் சொல்லிக் குடுத்தா" என்று ரிமோட்டில் இரண்டு பட்டனை அமுக்கினாள். பாட்டு வந்தது சம்பந்தி, முழுசாக வந்தது. நான் மத்தியானம் தூங்கும்போது சத்தத்தைக் குறைத்து வைத்து அவள் தினமும் கேட்கிறாளாம். அவளும் சம்பந்தியம்மாவும் நாள் தவறாமல் போனில் பேசிக்கொண்டிருந்தவர்கள் இல்லையா. எனக்கு இது தெரியவே தெரியாது. ஆகையால் மேலே எழுதிய எதையும் தாங்கள் படிக்க வேண்டாம். நாலு பக்கத்தைக் கிழிக்க மனமில்லாமல்தான் அனுப்புகிறேன். ஞாயிறு வரை காத்திருக்காமல் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே வாருங்கள். இன்னொன்று. பாட்டு முடிந்ததும் சம்பந்தியம்மா முன் வரிசையைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறார்கள். யாரைப் பார்த்து என்று எங்களுக்குப் புரியவில்லை. அப்புறம் கேமரா அந்தப் பக்கம் திரும்பியது. தாங்கள் உட்கார்ந்தபடியே நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.