விரதத்தில் ஏறிய ஊசி

பிள்ளை பாஸாக வேண்டுமென்று விரதமிருந்து, அந்த விரதத்தாலேயே பிள்ளையைப் பெயிலாக்கிய தாய் சிட்னியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எழுபதுகளின் கடைசி. ஹோம்புஷ்ஷில் இரண்டு அறை ஃபிளாட். மகன் சுதன் என்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு அக்குபங்சர் என்ற சீன ஊசி வைத்தியம் படிக்கப் போயிருந்தான். (யாழ்ப்பாணத்துக்கு 'மெடிசின் படிக்கிறான்' என்றே எழுதினேன். எந்த நாட்டு மெடிசின் என்று யாரும் கேட்கவில்லை.) கடைசிச் சோதனையில் பெயிலானால் என்ஜினியரிங்குக்கே திரும்ப வேண்டும் என்பது அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் இடையே பேச்சு.

செய்முறைச் சோதனைக்கு நோயாளியை மாணவரே கூட்டிப்போக வேண்டும். வருவதாக இருந்த நண்பனுக்கு முதல்நாள் காய்ச்சல். நான் வருகிறேன் என்றேன். வெறும் வயிற்றில் ஊசி ஏற்றக் கூடாது, கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னான். தலையாட்டினேன்.

அது கந்தசட்டி வாரம். அவனுக்காகவே பிடித்த விரதம்: பகலில் தண்ணீர், இரவில் ஒரு தம்ளர் பால். சொன்னால் பலன் குறையும் என்று வீட்டில் மூச்சு விடவில்லை. எப்போதும் கடைசியாகச் சாப்பிடுகிறவள் என்பதால் யாரும் கவனிக்கவுமில்லை.

ஐந்தாம் நாள் காலை என்னைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். பரீட்சகர் வயதான சீனர், மூலையில் உட்கார்ந்திருந்தார். சுதன் என் நாக்கைப் பார்த்தான். வியர்க்கிறதா, தூக்கம் வருகிறதா, வயிற்றால் ஒழுங்காகப் போகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டான். (அவன் தவழ்ந்த காலத்தில் நான் அவனைப் பற்றி டாக்டரிடம் சொன்ன விபரங்கள். அந்நிய ஆண் ஒருவர் முன்னால் இப்போது நான் சொல்ல வேண்டியதாயிற்று.) பிறகு நாடி பிடித்தான். பிடித்த கையை விடவில்லை. மெல்லக் குனிந்தான்.

"அம்மா, சாப்பிட்டனீங்களோ?"

"ஓம் ராசா, வடிவாச் சாப்பிட்டனான்."

அவன் தாளில் எதையோ வெட்டிவிட்டு வேறொன்றை எழுதினான்.

மூன்று ஊசிவரை தாங்கினேன். நாலாவது முழங்காலுக்குக் கீழே ஏறியபோது, ஊசி ஏற்றும் இடங்களைக் காட்டச் சுவரில் மாட்டியிருந்த படத்து மனிதன் தன் உடம்புப் புள்ளிகளோடு நடக்கத் தொடங்கினான்.

கண் விழித்தபோது ஊசிகள் இல்லை. என் கால்கள் தலையணைகளின் மேல் இருந்தன. சுதனின் முகத்தில் இரத்தமே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பரீட்சகர், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்றார். ஐந்து நாளைக்கு முன்பு என்றேன். தாளை எடுத்துப் பார்த்தார். 'வெறுமையான நாடி' என்று எழுதி, வெட்டி, 'சாதாரணம்' என்று எழுதியிருந்தது. ஏன் வெட்டினாய் என்று கேட்டார்.

"அம்மா சாப்பிட்டதாகச் சொன்னார்," என்றான் சுதன்.

விரல் சரியாகச் சொல்லியும் வாயை நம்பினாய் என்றார் அவர். பெயில்.

நான் எழுந்து வாதாடப் பார்த்தேன், எழும்ப முடியவில்லை. சீனி போட்ட தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். நாளைக்குத்தான் சூரன்போர், விரதம் முடியவில்லை என்று மறுத்தேன். (அந்த நிலையிலும்.)

"குடியுங்கோ அம்மா," என்றான் சுதன். அவன் எனக்கு இட்ட முதல் கட்டளை. குடித்தேன். விரதமும் போயிற்று, சோதனையும் போயிற்று.

வீட்டில் என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். "பெயிலானது அவனில்லை, நீர்தான்," என்றார். மறுசோதனைக்கு, எட்டுத் தோசை சாப்பிட்டுவிட்டு, தானே போய்ப் படுத்தார்.

இன்று சுதனிடம் வைத்தியத்துக்கு வரும் தமிழ்த் தாய்மார் எல்லாரும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்கிறார்கள். அவன் பிஸ்கட் டின்னைத் திறப்பான். அவன் கண்முன்னே மூன்று சாப்பிட்ட பிறகுதான் ஊசி.

எனக்கு மட்டும் ஐந்து.