வெறும் சுவரைப் படித்த டிரைவர்

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் மகளும் தங்கள் மகனும் சௌக்கியம் என்று போனில் தெரிந்துகொண்டேன். நான் சௌக்கியமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

"வாத்தியார் வேலையில ரிடையர் ஆகிட்டு டி.வி.யத் திட்டிட்டு உக்காந்திருக்கீங்களே, வெளிநாட்டுல, நம்ம தமிழ் பேசற ஊர்லயே ஒரு கண் ஆஸ்பத்திரி இருக்கு, தொண்டு செய்யப் போங்க. போன வருஷம் நான் போனேன். ஒரு டிரைவர் வீட்டுல தங்க வெச்சாங்க. சொர்க்கம்!" என்று சொல்லி என்னை அனுப்பிவைத்தவர் தாங்கள். பெண்ணைக் கொடுத்த இடம், மறுத்துப் பேச முடியுமா? ஏற்கெனவே கல்யாண போட்டோவில் தாங்கள் என்னை முறைத்துக்கொண்டு நிற்பதை எங்கள் கூடத்தில் தினமும் பார்ப்பவன் நான். பேசாமல் பெட்டியைக் கட்டினேன்.

அந்தச் சொர்க்கத்தின் கதைக்கு வருகிறேன். என்னையும் அதே டிரைவர் வீட்டில்தான் தங்கவைத்திருக்கிறார்கள். உதாரணத்துக்கு, இந்த வீட்டுப் பூனை. சோபாவில் சுருண்டு கிடக்கிறது. வந்த நாள் முதல் கொஞ்சிக் கூப்பிடுகிறேன், கிண்ணத்தில் பால் வைக்கிறேன், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பூனைக்கே இந்தத் திமிர் என்றால் மனிதர்களைப் பற்றி என்ன சொல்ல! இன்னோர் உதாரணம், குளியலறையில் வைத்திருக்கும் பற்பசை. வாயில் வைத்தால் மெழுகு மாதிரி வழவழக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் நுரை வருவதில்லை. சாப்பாட்டுக்கு எனக்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். அதன் ஓரமெல்லாம் கறை. நானே எழுந்துபோய்த் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. மெதுவாக வீட்டம்மாவிடம் சொன்னால், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "போன வருஷம் வந்த சார் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரு" என்கிறார். அந்த சார் தாங்கள்தான். தாங்கள் கெடுத்து வைத்த பழக்கத்துக்கு நான் கறைத் தட்டில் சாப்பிட வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் சின்ன விஷயம், பொறுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. வந்தவர்களைக் கூடத்தில் உட்காரவைத்து ஒவ்வொருவராகப் பரிசோதனைக்கு அனுப்புவது என் வேலை. உள்ளே சுவரில் ஓர் அட்டை தொங்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வருவதால் அதில் எழுத்து கிடையாது. மூன்று பல் வைத்த சீப்பு மாதிரி ஓர் உருவம், வரிசைக்கு வரிசை சிறிதாகிக்கொண்டே போகும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, பல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். முதல் நாளே தையல்கார அம்மா ஒருத்தர் உள்ளே போய்விட்டு அழுதுகொண்டே வந்தார். "நான் பெயிலாயிட்டேன் சார்" என்றார். சம்பந்தி, என் வகுப்பில் யாரும் பெயிலானதில்லை. மனசு கேட்குமா? ஆளில்லாத நேரத்தில் அட்டைக்குப் பக்கத்தில் போய், மூக்கு இடிக்க நின்று வரிசையைக் குறித்துக்கொண்டேன். பிறகு கூடத்தில் இருந்தவர்களை மூன்று பெஞ்சாகப் பிரித்து, வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது போலச் சொல்லிக்கொடுத்தேன். "மேலே, வலது, கீழே, கீழே, இடது!" பின்பெஞ்சுதான் கொஞ்சம் மந்தம், அவர்களைத் தனியாகச் சொல்லவைத்தேன். அப்புறம் யாரும் அழுதுகொண்டு வெளியே வரவில்லை. "என்ன ஆச்சரியம், இந்த ஊர்ல யாருக்குமே கண்ணாடி வேணாம் போலிருக்கே!" என்று டாக்டரம்மா சொன்னபோது என்னைப் பாராட்டுகிறார் என்று அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

நம் வீட்டுக்கார டிரைவர் ஒருநாள் சாப்பிடும்போது, "இன்னிக்கு ஆஸ்பத்திரியில என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "எங்க, இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார். மறுநாளும் கேட்டார், அதற்கடுத்த நாளும் கேட்டார். சாப்பாட்டு மேஜையில் கரண்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டி ஒப்பித்தார். இந்த வயதில் இப்படி ஒரு மாணவனா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவர் ஓட்டுவது பள்ளிக்கூட பஸ் என்பதும், வருஷா வருஷம் கண் பரிசோதனையில் தேறினால்தான் அதை ஓட்ட விடுவார்கள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

நேற்று அவர் பரிசோதனைக்கு வந்தார். நர்ஸம்மா அப்போதுதான் தூசு தட்ட அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்திருக்கிறார். சுவரில் ஓர் ஆணிதான் இருந்தது. டிரைவர் கம்பீரமாகப் போய் நின்று, ஒரு கண்ணைப் பொத்தி, அந்த வெறும் சுவரைப் பார்த்து மேலே, வலது, கீழே, கீழே, இடது என்று ஒரு பிழையில்லாமல் கையைக் காட்டினார். கடைசி வரிசை வரைக்கும்!

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "சார், இது பள்ளிக்கூடமில்ல. இங்க பெயிலானாத்தான் கண்ணு பிழைக்கும்" என்றார், என் மகள் வயதுள்ள நர்ஸம்மாவுக்கு முன்னால்! அட்டையை மாற்றிவிட்டார்கள். பாஸானவர்கள் எல்லாருக்கும் மறுதேர்வாம். வீடு வீடாகப் போய்க் கூட்டி வர வேண்டியது நானாம்.

வீட்டுக்கு வந்ததும் டிரைவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்ப்பா, என் பேரைக் கெடுத்திட்டியே!"

"நீங்க சொல்லிக்குடுத்தத அப்படியே சொன்னேன் சார். அது தப்பா?"

"சுவத்துல அட்டை இருக்கா இல்லையான்னுகூடவா பாக்கமாட்ட?"

"பாத்தா தெரியும்னா நான் ஏன் சார் மனப்பாடம் பண்றேன்?"

பஸ் நிறையப் பிள்ளைகள், சம்பந்தி! பிட் அடிக்கும் பையனைப் பார்த்திருக்கிறேன். பிட் அடித்து அறுபது பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போக இருந்தவரை இப்போதுதான் பார்க்கிறேன். மறுதேர்வுக்கு வா என்றால், "கண்ணாடி போட்டா வண்டியப் பிடுங்கிடுவாங்க, வரமாட்டேன்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டார். பஸ் வாசலில் நிற்கிறது. வீட்டம்மா என்னோடு பேசுவதில்லை, அந்த உம்மென்ற முகம் இன்னும் நீண்டுவிட்டது. உள்ளதைச் சொன்னால், இந்த வீட்டில் என் பக்கம் பேச அந்தப் பூனைகூட இல்லை.

ஆகவே, என்னை இங்கே மாட்டிவிட்ட தாங்களே பொறுப்பேற்று, தொண்டு நிறுவனத்தாரிடம் பேசி, என் டிக்கெட்டை உடனே முன்னால் இழுத்துக் கொடுக்க வேண்டும். கண்ணிருந்தும் பார்க்காத இந்த மனிதர்களோடு இனி ஒருநாளும் இருக்க முடியாது.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
தங்கள் மனம் நொந்த சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு சின்ன விஷயம் நடந்துவிட்டது. இன்று காலை டிரைவரை எழுப்பி, கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். புது அட்டையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். "பரீட்சைன்னா என்னப்பா பயம்? நேர்மையா எப்படி எழுதறதுன்னு நான் காட்டறேன், பாரு" என்று நானே முதலில் போய் நின்று ஒரு கண்ணைப் பொத்தினேன். முதல் வரிசை சரி. அதற்குக் கீழே எனக்குத் தெரிந்ததெல்லாம் எறும்பு ஊர்வலம்தான். என் கை என்னைக் கேட்காமலே மேலே, வலது, கீழே, கீழே, இடது என்று போய்விட்டது. டாக்டரம்மா என் சீட்டில் பெரிதாக ஒரு சுழி போட்டார். டிரைவர்தான் வந்து என் தோளில் கை வைத்தார். "சார், பெஞ்சு மேல ஏறுங்க. நானும் வரேன்."

இரண்டு பேருக்கும் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ் ஓட்டலாம் என்று அவருக்கு எழுதியும் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பூனை என்பது ஒரு குஷன். நான் வைத்த பால் கிண்ணத்தை ஒரு கேள்வி கேட்காமல் தினமும் எடுத்துக் கழுவி வைத்திருக்கிறார் வீட்டம்மா. தட்டில் இருந்தது கறையல்ல, பூ வேலைப்பாடு. பற்பசை என்பது டிரைவரின் குதிகால் வெடிப்புக் களிம்பு, அது எப்படிக் கரைகிறது என்று அவருக்கு ஒரே கவலையாம். வீட்டம்மாவின் முகத்தையும் இன்றுதான் பார்த்தேன். அது உம்மென்ற முகமில்லை, அழுது அழுது வீங்கிய முகம். "பஸ் கிளம்பிப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் இவர் கண்ண நெனச்சு எனக்குத் தண்ணிகூட இறங்காது சார்" என்று சொல்லிச் சிரித்தார்.

எனவே மேலே எழுதியதில் முழங்கால் விசாரிப்பைத் தவிர மற்றதை அடித்துவிடுங்கள். டிக்கெட்டைத் தொட வேண்டாம். மறுதேர்வு முடிய நாளாகும். இன்னொன்று, அந்தக் கல்யாண போட்டோ. ஊருக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதை இன்னொரு தரம் பார்க்க வேண்டும்.