திறந்த கதவுக்குப் பின்னால் ஒரு பட்டியல்

வெள்ளத்தில் தக்காளித் தோட்டம் போனது மனைவிக்கு. அவசர நிவாரணம் வந்தது கணவருக்கு. அநியாயம் இவ்வளவுதான். ஒரே வரியில் அடங்கிவிட்டதால் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள்.

நிலம் அவளுடையது. உழுதது, நட்டது, குச்சி ஊன்றிக் கட்டியது எல்லாம் அவள். விவசாய அலுவலகக் குமாஸ்தாவான அவருக்கும் அந்த நிலத்துக்கும் இருந்த ஒரே உறவு, தட்டில் விழும் தக்காளி. ஆனால் விண்ணப்பத்தை எழுதியவர் அவர். 'விவசாயியின் பெயர்' என்ற இடத்தில் கொஞ்சமும் கூசாமல் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். குடும்பத் தலைவராம்!

"உன் மனுவைத் தள்ளிட்டாங்கம்மா. மேலிடத்து உத்தரவு" என்றார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"அடுத்த நடவுக்கு நாத்து வாங்கணுமேங்க? இந்த மாசத்தை விட்டா பருவம் போயிடும்."

"என்ன பண்றது? கவர்மெண்ட்டுக்கு மனசாட்சியே இல்ல."

மறுவாரம் அந்த மனசாட்சி இல்லாத பணத்தில் வாங்கிய புது ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். "தவணையில எடுத்தேன்" என்றார்.

நிவாரணம் வாங்கியவர்கள் பட்டியலை மக்கள் பார்வைக்கு ஒட்ட வேண்டும் என்பது விதி. விதியை மீறுகிறவரா அவர்? ஒட்டினார். அலுவலக வாசல் கதவின் உட்பக்கத்தில். அந்தக் கதவோ காலை முதல் மாலை வரை சுவரோடு சாய்ந்து திறந்தே கிடக்கும். மக்களுக்காகத் திறந்த கதவு! பட்டியலைப் படிக்கும் வசதி சுவர்ப் பல்லிக்கு மட்டும் இருந்தது.

ஒருநாள் அவர் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் வந்தாள். "என்னங்க, காத்து இப்படி அடிக்குது, காகிதமெல்லாம் பறக்குதே" என்று கதவைச் சாத்தினாள். நின்றாள். படித்தாள். டப்பாவை மேசையில் வைத்தாள். கதவைப் பழையபடி திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

'அவ எங்க அவ்வளவு பொடி எழுத்தைப் படிச்சிருக்கப் போறா?' என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனைவி போட்ட மனு. பட்டியலில் நாற்பத்தேழாம் எண் பயனாளிக்கு எந்த நிலத்துக்காக நிவாரணம் தரப்பட்டது? அதில் பயிர் செய்த விவசாயி யார்? சேதமடைந்த வயலில் நின்று அவர் எடுத்துக்கொண்ட புகைப்படத்தின் நகல் வேண்டும். முப்பது நாளில் பதில் தராவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். பொய் சொன்னால் வேலையே போகும். பதில் தர வேண்டிய தகவல் அலுவலர் யார் தெரியுமா? சாட்சாத் நம்மவரேதான்.

"ஏம்மா, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு பதிவுத் தபாலா?"

"ஆபீஸ் விஷயத்தை வீட்டுல பேசாதேன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"சரி, வாயாலயே சொல்லிடறேன், கேட்டுக்கோ."

"வாயால சொன்னா சீல் இருக்காதேங்க."

"அந்த போட்டோ மட்டும் வேணாம்மா."

"ஏன், நல்லா விழலையா?"

நன்றாகத்தான் விழுந்திருந்தது. அதுதான் வினை. மனைவியின் வயல் எது என்று தெரியாமல் பக்கத்து மேட்டு வயலில் போய் நின்றிருந்தார். சேதத்தால் நொந்த விவசாயியாக அவர் முகம் அழுதது. பின்னால் சேதமே இல்லாத முட்டைக்கோஸ் வரிசை வரிசையாகச் சிரித்தது.

"ஃபைலைக் காணோம்னு எழுதிட்டா?" என்று பல நாள் கழித்துக் கடைசியாக ஆழம் பார்த்தார்.

"எழுதுங்க. மேல்முறையீட்டை உங்க மேலதிகாரிதானே விசாரிப்பார்? இன்னைக்கு இருபத்தொன்பதாம் நாள்."

முப்பதாம் நாள் மாலை நடந்தே வீட்டுக்கு வந்தார். உறையை நீட்டினார். அவள் பிரித்து, சத்தமாகவே படித்தாள்:

"மேற்படி நிலத்தின் விவசாயி தாங்களே. புகைப்படத்தில் இருப்பவர் விவசாயி அல்லர். வழி தெரியாமல் பக்கத்து வயலில் நின்றவர். பெயர் திருத்தப்பட்டது. திருத்திய பட்டியல் கதவின் வெளிப்பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ளது. இணைப்பு: ஸ்கூட்டர் சாவி ஒன்று."