பையெலியும் பாக்டீரியாவும் ஒரே வளைக்கு நின்ற கதை

ஒரு காட்டில், ஆமாம், அங்கேயும் வீட்டுத் தட்டுப்பாடுதான், வடிவு என்றொரு பையெலி இருந்தாள். கங்காருவுக்குத் தூரத்துச் சொந்தம். சுண்டெலி அளவுதான் இருப்பாள். ஆனால் வயிற்றில் பை உண்டு, பைக்குள் கைக்குழந்தையும் உண்டு. மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது. குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவாள், பாவம்!

அப்போது பார்த்து ஆலமரத்தடியில் ஒரு வளை காலியானது. குடும்பம் பெரிதாக இருப்பவர்களுக்கே வளை என்பது அந்தக் காட்டு வழக்கம். விடிந்ததும் வடிவு ஓடிப்போய் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். பின்னால் யாருமே இல்லை என்றுதான் நினைத்தாள்.

"நானும் நிக்கிறேன்க்கா, மிதிச்சிடாதீங்க" என்றது ஒரு குரல். அது மண் பாக்டீரியா பொடியப்பன்.

வளை அதிகாரி கரடியார் பூதக்கண்ணாடியை வைத்து இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ஐயா, நாங்க ரெண்டு பேரு. அவரு ஒண்டிக்கட்டை" என்றாள் வடிவு.

"மழை பெஞ்சா கமகமன்னு மண்வாசனை வருதே சார், அது எங்க குடும்ப உபயம்" என்றான் பொடியப்பன்.

"வாசனையெல்லாம் கணக்குல வராதுப்பா. வளை இந்தம்மாவுக்குத்தான்" என்று கரடியார் முத்திரையை எடுத்தார். சாப்பாட்டு மணி அடித்தது. எடுத்த முத்திரையை அப்படியே கீழே வைத்துவிட்டார். "சாப்பிட்டு வந்து குத்துறேன்."

சாப்பிட்டார். தேன் கொஞ்சம் கூடிப்போனதால் கண்ணசந்தார். எழுந்து வந்து பார்த்தால், பொடியப்பன் இரண்டாகி, இரண்டு நாலாகி, லட்சக்கணக்கான பொடியப்பன்கள் ஒரே குரலில் "வணக்கம் சார்!" என்றார்கள்.

வடிவு அழுதேவிட்டாள். "அநியாயம் சார்! காலையில ஒத்தையா நின்னவன் சார்!"

"நான் என்னம்மா பண்றது? இப்ப யாரு ஜாஸ்தி?" என்று கரடியார் அவர்கள் பெயருக்கே முத்திரையைக் குத்திவிட்டார்.

பொடியப்பன்களுக்கு மனசு கேட்கவில்லை. "அழாதீங்கக்கா. நாங்க மொத்தமும் ஒரு சிட்டிகை மண்ணுல அடங்கிடுவோம். மிச்ச வீடு சும்மாதானே கிடக்கும்? குழந்தையோட வந்து இருங்க."

அன்று மாலையே மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. உள்ளே தாயும் பிள்ளையும் நனையாமல் தூங்கினார்கள். வீட்டுக்காரர் லட்சம் பேர் இருந்தும், மோட்டாரை ஏன் போட்டாய் என்றோ, நேற்று வந்த விருந்தாளி யார் என்றோ ஒருவர்கூட வந்து கதவைத் தட்டவில்லை.

நீதி: வாடகைக்குப் போகுமுன் வீட்டுக்காரர் நல்லவரா என்று விசாரிக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாதவரா என்று விசாரியுங்கள்.